வெள்ளம் கேட்ட பிள்ளையும் 142 அடி சொன்ன பையனும்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எனக்குத் தேனி மாவட்டம் கூடலூர். மழலையர் ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன். இப்போது லோயர்கேம்ப் பக்கம் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. வகுப்பில் இரண்டு மாதப் பயிற்சி. மூன்று வாரம் முடிந்துவிட்டது. வகுப்பில் 34 பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாக்கள் விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளாவில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைக் கொண்டு வந்து விடுவதும் கூட்டிப் போவதும் பாட்டிகள்தான்.

செய்து கற்றல் பற்றிப் படித்ததை ஆசையாகச் செய்து பார்த்தேன். அளவுப் பாடத்துக்காக ஒரு நாள் நாலு வாளித் தண்ணீர், பாட்டில்கள், டம்ளர்கள், புனல், கூடவே மணல், புளியங்கொட்டை எல்லாம் பரப்பி வைத்தேன். பத்து நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒரு பையன் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, "142 வந்திருச்சு, திறந்து விடு!" என்று கத்திக்கொண்டே தரையில் கவிழ்த்தான். திட்டிவிட்டேன். போன வருஷம் வரை குமுளியில் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை "வெள்ளம் வேணும்" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாயைத் திறப்பதே இல்லை. உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். மூன்று முறை விளக்கியும் மாறவில்லை.

வகுப்பு மிஸ் பழைய காலத்து ஆள். "இதையெல்லாம் ஆண்டு விழாவுக்கு வெச்சுக்க, இப்ப நோட்டு முடிக்கணும்" என்கிறார். ஒரு பாட்டி, "புள்ள நோட்டுல ஒண்ணுமே இல்லையே, விளையாடவா அனுப்புறோம்?" என்று கேட்டுவிட்டார். செய்து கற்றல் எல்லாம் புத்தகத்துக்கு மட்டும்தானா? மீதி ஐந்து வாரமும் நானும் நோட்டையே எழுத வைத்துவிடட்டுமா?
– ஒரு பயிற்சி ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயிற்சி ஆசிரியை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த 34 பிள்ளைகளுக்கு நீங்கள் டீச்சர்தான். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த வரியை மட்டும் நான் நாலைந்து தடவை படித்தேன். ஐந்து வயசுப் பிள்ளை ஒரு பாட்டிலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஓர் இடம் வந்ததும் அவனுக்குள் ஒரு கணக்கு விழுகிறது. 142! நம் பள்ளத்தாக்கில் அந்த எண் தெரியாத வீடு கிடையாது. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து டீக்கடையிலும் வயல் வரப்பிலும் அதே பேச்சுதான். பேப்பரில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற தாத்தாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அப்படி ஒரு தாத்தா அவன் வீட்டிலும் இருப்பார். அவன் என்ன செய்திருக்கிறான் பாருங்கள். காதில் விழுந்த ஓர் எண்ணை, கண்ணால் பார்க்கிற ஓர் உயரத்தோடு சேர்த்துவிட்டான். தண்ணீர் ஏற ஏற எண்ணும் ஏறும், ஓர் அளவுக்கு மேல் போனால் திறந்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அளவுப் பாடம் என்று நீங்கள் நோட்டில் எழுதி வைத்திருந்தது இதைத்தானே?

அன்று உங்கள் வகுப்பில் பாடம் நடந்தது. பாட்டில் கவிழ்ந்த சத்தத்தில் அது உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். திட்டிவிட்டோமே என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, ஒரு பாட்டிலின் பக்கத்தில் நீளமாக ஒரு காகிதப் பட்டை ஒட்டிக் கொடுங்கள். "உன் அணையில தண்ணி எவ்வளவு இருக்குன்னு தினம் கோடு போட்டுச் சொல்லு" என்று வேலையை ஒப்படையுங்கள். அவன் பட்டையில் 142 கோடு வராது. ஏழோ எட்டோ வரும். போதும். கோடு போடுவான், எண்ணுவான், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்வான். இதற்கு எந்த நோட்டில் இடம் இருக்கிறது?

சரி, அன்று எங்கே தவறியது என்று பார்ப்போம். செய்து கற்றலில் ஒரு குறையும் இல்லை. நாலு வாளித் தண்ணீர், மணல், புளியங்கொட்டை, 34 பிள்ளைகள், ஒரே நேரம். இருபது வருஷ அனுபவம் உள்ளவர்களாலும் அதைக் கட்டி மேய்க்க முடியாது. பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்துவிட்டால் கற்றல் தானாக வரும் என்று பல பயிற்சி வகுப்புகள் ஒரு நினைப்பை உண்டாக்கிவிடுகின்றன. பொருள் வந்ததும் பிள்ளைக்கு ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டிய இடமும் வர வேண்டும். இதை எங்கே வைப்பது, இதற்கு ஜோடி எது, இன்னும் ஒன்று ஊற்றினால் வழியுமா வழியாதா என்று. பத்துப் பொருள் கிடந்தால் பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிலேயே நிற்கும், யோசிக்கும்.

ஆகவே பொருளைக் குறையுங்கள், கூட்டத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். 34 பேரை ஏழு ஏழாக ஐந்து குழுவாகப் பிரித்தால் (ஒரு குழுவில் ஆறு பேர்) ஒரு குழுவுக்கு ஒரு நாள். மீதிப் பேர் மிஸ் சொல்கிற பக்கத்தை எழுதட்டும், சிலேட்டில் வரையட்டும். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு தாம்பாளம். வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டு இருக்குமே, அது போதும். தட்டின் விளிம்புதான் பிள்ளைக்கு எல்லை. அதற்குள் சிந்தினால் அதற்குள்ளேயே கிடக்கும். தரையில் ஒரு கோரைப் பாய். ஓரத்தில் ஒரு துணி. தண்ணீர் சிந்தினால் துடைப்பது தண்டனை என்று பிள்ளைக்குத் தோன்றிவிடக் கூடாது. அதுவும் வேலையில் ஒரு பகுதி என்று முதல் நாளே நீங்கள் துடைத்துக் காட்டிவிடுங்கள்.

காட்டும்போது பேசாமல் காட்டுங்கள். நம்மில் பலருக்கு இது கஷ்டம், எனக்கும் ரொம்ப நாள் வரவில்லை. "இப்ப டீச்சர் என்ன பண்றேன்? செம்பை எடுக்கிறேன். எப்படி எடுக்கிறேன்?" என்று பேசிக்கொண்டே செய்தால் பிள்ளை உங்கள் வாயைத்தான் பார்க்கும். வாயை மூடிக்கொண்டு செம்பை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, செம்பின் விளிம்பை டம்ளரின் நடுவில் வைத்து, ஊற்றி, கடைசிச் சொட்டு விழும் வரை காத்திருந்து நிமிர்த்தினால் ஏழு ஜோடிக் கண்ணும் உங்கள் கையில் இருக்கும். அந்தக் கடைசிச் சொட்டுக்குக் காத்திருப்பதைப் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் சிந்துவது பாதியாகக் குறைந்துவிடும்.

உயரமான டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். அகலமான கிண்ணத்திலிருந்து அதே தண்ணீரை ஒல்லியான டம்ளரில் ஊற்றினால் அதிகமாகிவிட்டது என்று ஐந்து வயசுப் பிள்ளைகள் சொல்வார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைத்தான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதையொட்டித்தான் பிடிபடுகிறது. அதுவரை கண்ணுக்கு எது உயரமோ அதுதான் அதிகம். நீங்கள் மூன்று முறை விளக்கினீர்கள், முப்பது முறை விளக்கினாலும் டீச்சர் கோபப்படுகிறார் என்பதால் தலையாட்டுவார்களே தவிர மனசு ஒத்துக்கொள்ளாது. விளக்குவதை விட்டுவிடுங்கள். திரும்பக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். "இப்ப?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தப்பாக வந்தாலும் சரி என்று நகருங்கள். இன்றைக்கு ஊற்றியது இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்குப் புரியும்போது கைகொடுக்கும்.

எண்ணுக்கு ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். உங்கள் வகுப்பில் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் புளியங்கொட்டைத் தட்டை வைத்து, "எனக்கு ஆறு குடு" என்று கை நீட்டுங்கள். ஒரு கைப்பிடி அள்ளித் தரும் பிள்ளைகளைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள். ஒப்பிப்பது பாட்டு மாதிரி. ஆறு என்று நிறுத்துவது வேறு வேலை. ஆறாவது கொட்டையோடு சேர்ந்து முன்னால் இருக்கிற ஐந்தும் ஆறுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும். நோட்டில் 6 என்று நாற்பது தடவை எழுதின பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும் என்று உறுதியில்லை. எழுதத் தெரியாத பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். இந்த ஒரு கேள்வியை வைத்தே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

பல்லாங்குழி இதற்கு அருமையான சாமான். 14 குழியும் முழு ஆட்டமும் யு.கே.ஜி.க்கு வேண்டாம். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள், அதுவே போதும். ஒரு கொட்டைக்கு ஒரு குழி, ஒரு குழிக்கு ஓர் எண். சில பிள்ளைகள் வாய் வேகமாகப் போய்க் கை பின்தங்கும், சிலருக்குக் கை முன்னால் ஓடும். இரண்டும் சேர்ந்து நடக்கும் நாள் ஒன்று வரும். அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், பிரித்து வைக்கும் பயிற்சிக்காகக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் கொடுத்தேன். ஒரு பையன் ஒரு கடலையை மூக்குக்குள் போட்டுக்கொண்டான். பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் மூக்கில் ஈரம் பட்டு ஊறிப் பருத்துவிட்டது. அவனுடைய அம்மா ராத்திரி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். மறுநாள் அந்த அம்மா என் முன்னால் வந்து நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் ஊறிப் பருக்கிற எதையும் நான் கொடுப்பதில்லை. கடலை, பட்டாணி, பயறு எதுவும் கிடையாது. புளியங்கொட்டை என்றாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். தட்டுக்குப் பத்து என்றால் திரும்பி வரும்போதும் பத்து. பிள்ளைகளே எண்ணட்டும், அதுவும் ஒரு பாடம்தான். ஒன்று குறைந்தால் கிடைக்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. தப்பித்தவறி மூக்கில் போய்விட்டால் ஊக்கு, விரல் எதையும் விட்டு நோண்டாதீர்கள். இன்னும் உள்ளே போகும். நேரே டாக்டரிடம்தான்.

பல்லாங்குழிக்குச் சில வீடுகளில் குன்றிமணி வைத்திருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கடித்து மென்றுவிட்டால் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அரளி விதையும் அப்படியே. நம் பக்கம் வேலியோரத்தில் இவை தாராளமாகக் கிடப்பதால் பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வந்து "டீச்சர், இந்தாங்க" என்று நீட்டுவார்கள். வாங்கிப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டு, கையைக் கழுவச் சொல்லுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற பொத்தான் பேட்டரியை வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள்.

சாமானுக்குக் காசில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். செய்து கற்றலுக்குப் பேர்போன மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். 1907இல் ரோம் நகரத்தின் சான் லோரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய முதல் வகுப்பு, பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத்தான். உங்கள் வகுப்பும் ஏறக்குறைய அதுதான். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த அந்த வருஷங்களில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் தங்கி வேலை செய்தார். பெரியகுளத்துக்கு மேலே தெரிகிற அதே மலை. அங்கே செடி, இலை, பூச்சி, கல் என்று சுற்றிலும் இருந்ததை வைத்தே பிள்ளைகளோடு அவருடைய வேலை நடந்தது. அவர் முறைக்கென்று வருகிற மெருகு போட்ட மரச் சாமான் நல்லதுதான், இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் நம்மிடம் ஏலக்காய் இருக்கிறதே!

இதைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளின் பாட்டிகளில் சிலராவது ஏலக்காய் பொறுக்கிய கையாகத்தான் இருப்பார்கள். போடியிலும் கம்பத்திலும் வட்டமாக உட்கார்ந்து முறத்தில் காயைப் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி விழுந்தது என்று அவர்கள் கை தனித்தனியாக ஒதுக்குகிற வேகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வியாபாரத்தில் 8 மில்லிமீட்டருக்கு மேலே இருக்கும் காய்க்குத் தனி விலை. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அவர்களுக்குக் கண்ணாலேயே தெரியும். பெரிது சிறிது, பச்சை வெளுப்பு, ஒன்றுபோல் இருப்பதைச் சேர்ப்பது, ஒவ்வாததை ஒதுக்குவது. மழலையர் வகுப்பின் கணக்குப் பாடத்தில் முக்கால்வாசி இதுதான்.

நோட்டில் ஒன்றுமே இல்லை என்று கேட்டாரே ஒரு பாட்டி, அவரை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். காலையில் பேத்தியை விட வரும்போதே "அரை மணி நேரம் இருங்க பாட்டி, புள்ளைகளுக்குக் காய் பொறுக்கக் காட்டணும்" என்று கேளுங்கள். கூச்சப்படுவார். "எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவ" என்பார். விடாதீர்கள். பாயில் உட்கார வைத்து, ஒரு முறமும் ஒரு கைப்பிடி ஏலக்காயும் கொடுங்கள். ஏழு பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். பாட்டி பொறுக்குவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தங்கள் தட்டில் மூன்று கிண்ணத்தில் பிரிக்கட்டும். பெரியது, நடுத்தரம், சின்னது. எந்தக் கிண்ணத்தில் அதிகம் என்று கேளுங்கள், எண்ணிச் சொல்லட்டும். பேத்தி எண்ணி "பன்னிரண்டு" என்று சொல்லும்போது பாட்டியின் முகத்தைப் பாருங்கள். அதற்கப்புறம் அவர் நோட்டைப் பற்றிக் கேட்பாரா என்று பார்ப்போம். கேட்டாலும் தப்பில்லை. அன்று மத்தியானமே அந்த மூன்று கிண்ணத்தையும் நோட்டில் வரையச் சொல்லி, பக்கத்தில் எண்ணைப் போடச் சொல்லுங்கள். நோட்டிலும் ஒரு பக்கம் வந்துவிடும்.

பாட்டி கேட்ட கேள்வியை நான் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன் மகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, பேத்தியைக் குளிப்பாட்டித் தலைசீவிக் கூட்டி வருகிற மனுஷி. மகள் இருட்டியதும் வந்து "இன்னைக்குப் புள்ள என்ன படிச்சா?" என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். வேறு ஒன்றைக் காட்டக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள், வாசலில் பிள்ளையைக் கூப்பிட்டு விடும்போது ஒரே ஒரு வரி சொல்லுங்கள். "இன்னைக்கு ஆறு காயை எண்ணித் தானா நிறுத்தினா பாட்டி." அது வீட்டுக்குப் போகும், ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சாகும். ஒன்றாம் வகுப்பில் எப்படிச் சமாளிப்பார்கள் என்று பயந்தால், அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வரை 2022-23இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டு, ஆட்டம், பொருள் என்றுதான் பாடம் நடக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் போகப்போகும் இடமும் அதுதான்.

எழுத்து வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எழுதும் கை பழுக்க வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகிக்கொண்டே வந்து, கடைசி எலும்பு எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான் உருவாகத் தொடங்குகிறது. விரல்களின் சின்னத் தசைகளுக்கும் அப்படி நேரம் வேண்டும். மாவு பிசைவது, துணி பிழிவது, காய் உரிப்பது, சொட்டாங்கல் பிடிப்பது எல்லாம் பென்சிலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தித் தாளைக் கிழிக்கிற பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு பக்கம் எழுதக் கொடுப்பதைவிட, ஈரத் துணியைப் பிழியக் கொடுத்தால் சீக்கிரம் பலன் தெரியும். தட்டில் மணலோ கேழ்வரகு மாவோ பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். ட, ப என்று நேர்கோட்டில் வருவதில் ஆரம்பியுங்கள். அ-வும் இ-யும் சுழித்துச் சுழித்து வருபவை, அவற்றுக்கு அப்புறம் வரலாம்.

வகுப்பு மிஸ் விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. பழைய காலத்து ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நாலு வாளித் தண்ணீரையும் மணலையும் துடைத்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் இன்னும் ஐந்து வாரத்தில் போய்விடுவீர்கள். அந்த 34 பிள்ளைகளுக்கும், அவர்கள் நோட்டுக்கும், தலைமையாசிரியர் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பாட்டி உங்களிடம் கேட்டதை அவரிடம் தினம் ஒருவர் கேட்கிறார்கள். அவரை மாற்றப் போகிறேன் என்று போகாதீர்கள். "மிஸ், இந்த வாரம் நீங்க எந்த எண்ணில இருக்கீங்க?" என்று கேளுங்கள். 7 என்றால் ஏழு ஏலக்காய், ஏழு டம்ளர், ஏழு கோடு. அவருடைய பக்கத்துக்குள்ளேயே உங்கள் வேலை நடக்கட்டும். தினம் ஒரு குழு, இருபது நிமிஷம், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துத் தரையைத் துடைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். இரண்டாவது வாரம் அவரே வந்து பாய்க்குப் பக்கத்தில் நிற்பார். எனக்குப் பாயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் இப்படி ஒரு மிஸ்தான். நோட்டு முடிக்க வேண்டும் என்று கறாராக நின்றவர், கூட்டத்தைப் பிரித்து உட்கார வைக்கிற வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பயிற்சிப் பதிவேட்டுக்கு ஒரு வார்த்தை. "குழந்தைகள் ஆர்வமுடன் பங்கேற்றனர்" என்று எழுதாதீர்கள். அதில் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடி ஒரு வரி எழுதுங்கள். "செம்பை இடது கையால் தூக்கினான், பாதி சிந்தியது, தானே துணி எடுத்தான்." "ஆறு கேட்டதற்கு எட்டு தந்தாள், திரும்ப எண்ணி இரண்டை எடுத்துக்கொண்டாள்." ஒரு நாளைக்கு ஏழு வரி போதும். மீதி இருக்கிற ஐந்து வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வரி சேர்ந்துவிடும். அதைப் படித்தால் யாருக்கு என்ன வந்திருக்கிறது, யாருக்கு என்ன வரவில்லை என்று உங்களுக்கும் மிஸ்ஸுக்கும் தெரியும். செய்து கற்றல் சரிவருமா என்று என்னிடம் கேட்டீர்கள். உங்கள் வகுப்புக்கான பதில் அந்த நோட்டில்தான் வரும்.

கடைசியாக, வெள்ளம் கேட்ட அந்தப் பிள்ளை. அவளை நினைத்தால்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். அவளுக்குத் தெரிந்த சரியான சொல்லைத்தான் அவள் சொன்னாள். நம் பிள்ளைகளுக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது, அதனால் சிரித்தார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்பதற்காக அவளைத் தனியாகக் கூப்பிட்டு "பேசு, பேசு" என்று வற்புறுத்த வேண்டாம். கைவேலைக்கு முதலில் மொழி வேண்டியதில்லை, அதுதான் அதில் இருக்கிற பெரிய வசதி. திங்கட்கிழமை முதல் குழுவில் அவளை வையுங்கள், உங்களுக்குப் பக்கத்தில். நீங்கள் பேசாமல் ஊற்றிக் காட்டுவதால் அவளும் மற்றவர்களும் ஒரே நிலையில்தான் இருப்பார்கள். அவள் ஊற்றட்டும். நன்றாக ஊற்றுவாள், குமுளி அங்கன்வாடியில் பழகியிருப்பாள்.

முடித்ததும் நீங்கள் டம்ளரைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுக்குக் குமுளியில வெள்ளம்னு பேரு. நம்ம ஊர்ல தண்ணி" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் சிரிக்காதீர்கள். அப்புறம் புளியங்கொட்டையை எடுத்து இரண்டு மொழியிலும் எண்ணிக் காட்டுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒன்னு, ரண்டு, மூன்னு, நாலு, அஞ்சு. பிள்ளைகள் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். "டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான்!" என்று எவனாவது ஒருத்தன் கத்துவான். அநேகமாக உங்கள் 142 அடிப் பையனாகத்தான் இருக்கும். அவளுடைய அம்மாவோ பாட்டியோ மலையாளத்தில் பேசுகிறவர்களாக இருந்தால், வாரம் ஐந்து சொல்லை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலைக்கும் கல்லுக்கும் பூவுக்கும் என்ன பேர் என்று அவளையே டீச்சராக்கிக் கேளுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரம் ஆகலாம். அதுவரை அவள் கை செய்வதை அந்தச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

அவள் வாயைத் திறந்த அன்று என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். காத்திருப்பேன்.